பிளாஸ்டிக்: கபாடிவாலா சொன்ன கணக்கு

(நம் சங்கத்தின் மயூர் விஹார் அங்கத்தினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

காரியதரிசி எனக்குக் கொடுத்த தலைப்பு "பிளாஸ்டிக் இல்லாத இல்லம்". மோனை நன்றாக அமைந்திருக்கிறது. ஆனால் நடக்கிற காரியமா என்று யோசித்துப் பாருங்கள். நான் போட்டுக்கொண்டிருக்கும் மூக்குக் கண்ணாடியின் லென்ஸ் பிளாஸ்டிக். சுவரில் இருக்கும் ஸ்விட்ச் பிளாஸ்டிக். என் அகத்துக்காரர் தினமும் உபயோகிக்கும் இன்சுலின் பேனா பிளாஸ்டிக். இதையெல்லாம் வெளியே எறிந்துவிட்டு யாரும் குடித்தனம் நடத்த முடியாது. ஆகவே "பிளாஸ்டிக் குறைந்த இல்லம்" என்று தலைப்பைக் கொஞ்சம் திருத்திக்கொள்ள அவர் அனுமதி கொடுத்தார். மோனை கெட்டதற்கு மன்னிக்கவும்.

முப்பது வருஷம் டில்லியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ரசாயனம் சொல்லிக் கொடுத்தவள் நான். அதனாலோ என்னவோ, பிளாஸ்டிக்கை ராட்சசன் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. பாலிதீன் 1933-ல் இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. கம்பெனியின் சோதனைச்சாலையில் தற்செயலாகக் கிடைத்த பொருள். கார்பன் அணுக்கள் ஆயிரக்கணக்கில் கை கோத்து நிற்கும் சங்கிலி. தண்ணீரில் ஊறாது, தயிரின் புளிப்பு அதை அரிக்காது, பூச்சி தின்னாது. இத்தனை நல்ல குணங்களும் ஊறுகாய் அதில் இருக்கும்வரை நமக்கு உபகாரம். ஊறுகாய் தீர்ந்த மறுநாள் அதே குணங்கள்தான் உபத்திரவம். மண்ணில் போட்டாலும் பூச்சி தின்னாது, தண்ணீரில் போட்டாலும் ஊறாது. வெயிலில் கிடந்து நொறுங்கித் துகளாகும், அவ்வளவுதான்.

அது எங்கே போய்ச் சேருகிறது என்று நம் பேட்டைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இங்கிருந்து காஜிப்பூர் பக்கம் போகும்போது ஒரு மலை தெரிகிறதே, மேலே பருந்துகள் வட்டமிடுமே, அது பகவான் படைத்த மலை இல்லை. 1984-ல் அங்கே குப்பை கொட்ட ஆரம்பித்தார்கள். இனிமேல் இடமில்லை என்று 2002-லேயே தீர்மானித்தும் கொட்டுவது நிற்கவில்லை. 2019-ல் அதன் உயரம் 65 மீட்டர் என்று கணக்கிட்டார்கள். குதுப்மினார் 73 மீட்டர். 2017 செப்டம்பர் 1-ஆம் தேதி அந்த மலையின் ஒரு பகுதி சரிந்து, சாலையில் போய்க்கொண்டிருந்தவர்களை வாகனத்தோடு பக்கத்துக் கால்வாயில் தள்ளியது. இரண்டு பேர் உயிர் போயிற்று. 2022 மார்ச்சிலும் 2024 ஏப்ரலிலும் அது பற்றி எரிந்தபோது, இந்தப் பக்கத்தில் பல பேர் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். என் பேரனுக்கு நெபுலைசர் வைத்த ராத்திரிகள் அவை. இப்போது அந்தப் பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் வேலை நடக்கிறது. ஒரு பக்கம் சலிக்கிறார்கள், மறு பக்கம் நாம் அனுப்பிக்கொண்டே இருக்கிறோம்.

பிளாஸ்டிக்கைக் குறைக்க வேண்டும் என்றதும் நம்மில் பலர் செய்யும் முதல் காரியம் என்ன? சமையலறை அலமாரியில் இருக்கும் டப்பாக்களையெல்லாம் வேலைக்காரியிடம் கொடுத்துவிட்டு, கண்ணாடி ஜாடியும் எவர்சில்வர் சம்புடமும் வாங்கி வரிசையாக அடுக்குவது. பார்க்க லட்சணமாக இருக்கும். ஆனால் இருபது வருஷமாக உழைத்துக்கொண்டிருக்கும் துவரம்பருப்பு டப்பா யாருக்கும் கெடுதல் பண்ணவில்லை. அது உடைகிறவரை இருக்கட்டும். சூடான பதார்த்தத்தை மட்டும் அதில் போடாதீர்கள், மைக்ரோவேவில் வைக்காதீர்கள். தினம் வாசற்படி தாண்டி உள்ளே வந்து, அரைமணி நேரம்கூடத் தங்காமல் குப்பைக்கூடைக்குப் போகிறதே, அதைத்தான் கவனிக்க வேண்டும்.

இதைத் தெரிந்துகொள்ள நான் ஒரு காரியம் செய்தேன். சென்ற வருஷம் ஒரு மாதம் முழுக்க, எந்தப் பழக்கத்தையும் மாற்றாமல், எங்கள் அகத்துக்குள் வந்து காலியான பிளாஸ்டிக்கையெல்லாம் அலம்பி உலர்த்தி பால்கனியில் ஒரு சாக்கில் சேர்த்தேன். பெரியவர்கள் நாலு பேர், குழந்தைகள் இரண்டு. மாதக் கடைசியில் சாக்கு நிரம்பி, இரண்டாவது சாக்கும் பாதி ஆயிற்று. பிறகு எங்கள் தெருவுக்கு வரும் கபாடிவாலாவைக் கூப்பிட்டு, "பையா, இதில் உனக்கு வேண்டியதைப் பிரித்து எடுத்துக்கொள்" என்றேன்.

என் முப்பது வருஷப் பாடத்தை அவர் பத்து நிமிஷத்தில் நடத்தி முடித்தார். தரையில் குந்தி உட்கார்ந்து மூன்று குவியல் போட்டார். முதல் குவியலில் எண்ணெய் கேன், ஜூஸ் பாட்டில், உடைந்த மக்கு, ஷாம்பு பாட்டில். இதைத் தராசில் நிறுத்துப் பணம் கொடுத்தார். இரண்டாவது குவியலில் அறுபது பால் கவர், கோதுமை மாவு வந்த கெட்டிப் பை, இந்த மாதிரி. "அலம்பி வைத்திருக்கிறீர்களே, அதனால் எடுத்துக்கொள்கிறேன்" என்று கொஞ்சம் குறைந்த விலை போட்டார். மூன்றாவது குவியலை அவர் கையால்கூடத் தொடவில்லை. காலால் என் பக்கம் தள்ளினார். நம்கீன் பாக்கெட், பிஸ்கட் உறை, மசாலாப் பொடி பாக்கெட், ஷாம்பு சாஷே, காய்கறிக்காரர் கொடுக்கும் மெல்லிய பன்னி, தெர்மோகோல், ஹோட்டலிலிருந்து சாம்பார் வந்த பை, டெலிவரிப் பெட்டிக்குள் இருந்த குமிழித்தாள். இரண்டு சாக்கில் பாதிக்கு மேல் அதுதான்.

ஏன் தள்ளினார் என்பதற்கு ரசாயனக் காரணம் இருக்கிறது. பால் கவர் என்பது பாலிதீன் குடும்பம் மட்டுமே. உருக்கினால் மறுபடி பாலிதீன். நம்கீன் பாக்கெட் அப்படி இல்லை. உள்பக்கம் வெள்ளிபோல் மின்னுகிறதே, அது அலுமினியப் பூச்சு. அதன் மேலே ஒரு பிளாஸ்டிக், கீழே இன்னொரு பிளாஸ்டிக், அச்சு மை, பசை, எல்லாம் சேர்த்து ஒட்டியது. பிரிக்க ஆகும் செலவுக்குக் கிடைக்கும் சரக்கு காணாது. மெல்லிய பன்னிக்கு வேறு காரணம். அது பாலிதீன்தான், ஆனால் ஒரு கிலோ சேர்க்க நூற்றுக்கணக்கில் பொறுக்க வேண்டும். அவர் கூலிக்குக் கட்டாது. பைகளுக்குக் குறைந்தபட்சக் கனம் வேண்டும் என்று சட்டம் வந்ததே இதற்காகத்தான். 1999-ல் 20 மைக்ரான், 2011-ல் 40, 2016-ல் 50, 2021 செப்டம்பர் முதல் 75, 2022 கடைசியிலிருந்து 120 மைக்ரான். சட்டம் கனத்துக்கொண்டே போகிறது, சப்ஜி வண்டியில் தொங்கும் பன்னி மட்டும் அப்படியே மெலிந்துதான் இருக்கிறது.

அந்த மூன்றாவது குவியல் ஒன்று மலைக்குப் போகிறது, இல்லாவிட்டால் எரியுலைக்குப் போகிறது. எனவே எங்கள் அகத்தில் ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டோம். கபாடிவாலா காலால் தள்ளுகிற சாமானை முதலில் வாசலில் நிறுத்துவது. அவர் காசு கொடுத்து வாங்குகிறதைப் பற்றி அப்புறம் யோசித்துக்கொள்ளலாம். கஷ்டமில்லாத விதி இது. எந்தக் கடையில் எந்தச் சாமானைக் கையில் எடுத்தாலும், அவர் இதை வாங்குவாரா என்று ஒரு கேள்வி கேட்டுக்கொண்டால் போதும்.

மசாலாப் பொடி பாக்கெட்டுகள் முதலில் நின்றன. சாம்பார் பொடியும் ரசப் பொடியும் நம் அகங்களில் அரைப்பதுதான். தனியா, மிளகாய், மிளகு ஆகியவற்றை கரோல்பாக் பக்கம் போகும்போது மொத்தமாகத் துணிப்பையில் வாங்கி வருகிறோம். பிஸ்கட்டை முழுக்க நிறுத்த முடியவில்லை. பத்து சின்ன பாக்கெட்டுக்குப் பதில் ஒரு பெரிய பாக்கெட் என்று ஆக்கினோம். குழந்தைகளுக்குத் தட்டையும் ரிப்பன் பகோடாவும் பண்ணி வைத்தால் நம்கீன் பாக்கெட் பாதியாகக் குறைகிறது. பாதிதான். குழந்தைகள் குழந்தைகள்தானே. ஷாம்பு சாஷேயை எடுத்துவிட்டுப் பெரிய பாட்டில். பாத்திரம் தேய்க்கப் பச்சை ஸ்க்ரப்பருக்குப் பதில் தேங்காய் நார். தினம் ஒரு தேங்காய் உடைக்கும் அகத்தில் நாருக்கா பஞ்சம்?

காய்கறிக்குப் பை எடுத்துப் போக வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒரு பெரிய பை மட்டும் கொண்டு போனால் காரியம் முடிவதில்லை. உருளைக்கிழங்கும் பச்சை மிளகாயும் ஒன்றாகக் கலந்துவிடும் என்று வண்டிக்காரர் ஒவ்வொன்றையும் தனித்தனிப் பன்னியில் போட்டு, அதை உங்கள் துணிப்பைக்குள் வைத்துவிடுவார். பழைய வேஷ்டி, மஸ்லின் துப்பட்டா, இவற்றில் சின்னச் சின்னச் சுருக்குப்பைகள் ஏழெட்டு தைத்துப் பெரிய பைக்குள்ளேயே போட்டு வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. கொத்தமல்லியை ஈரத்துணிப் பையோடு ஃப்ரிட்ஜில் வைத்துப் பாருங்கள், பன்னியில் அழுகுவதுபோல் அழுகாது.

இன்னொரு விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். ஜவுளிக் கடையிலும் கல்யாணத்திலும் கொடுக்கிறார்களே, துணிபோல் மெத்தென்று, புள்ளி புள்ளியாக அச்சு விழுந்த பை. அது துணி அல்ல. நான்-வோவன் என்று பெயர். பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கை இழையாக்கி, சூட்டில் அழுத்தி ஒட்டியது. ஒரு நூலை உருவி எடுக்கப் பாருங்கள், வராது. நெய்தால்தானே நூல் வரும். காகித டம்ளரும் அப்படித்தான். வெறும் காகிதம் காப்பியைத் தாங்குமா? உள்ளே மெல்லிய பாலிதீன் பூச்சு இருக்கிறது. கல்யாணங்களில் வாழை இலை மாதிரி பச்சை அச்சுப் போட்டுப் பேப்பர் இலை போடுகிறார்களே, ரசம் அதன் வழியாக ஊறி இறங்காததற்கும் பூச்சுதான் காரணம்.

இனி பால். ஒரு நாளைக்கு இரண்டு பாக்கெட் என்றால் வருஷத்துக்கு 730 கவர். டில்லிக்காரர்களான நமக்கு இதில் ஒரு பாக்கியம் உண்டு. 1974-லிருந்து மதர் டெய்ரி பூத்துகளில் இயந்திரத்திலிருந்து நேராகத் தூக்கில் பால் பிடித்துக்கொள்ளலாம். டோக்கன் பால் என்று பழையவர்கள் சொல்வோம். இங்கே வயசானவர்களில் எத்தனை பேர் மூடுபனியில் மப்ளர் சுற்றிக்கொண்டு அந்த வரிசையில் நின்றிருப்பீர்கள்! அது போய்விட்டது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். போகவில்லை. எல்லா பூத்திலும் இயந்திரம் இல்லை, ஆனால் இருக்கிற பூத்துகளில் இன்றும் கிடைக்கிறது. பாக்கெட் பாலைவிட விலையும் குறைவு. ஆடை கெட்டியாக வராது என்ற குறை என் அகத்துக்காரருக்கு உண்டு. டோன்டு பால்தானே, வாஸ்தவம். ஒரு பாக்கெட் ஃபுல் க்ரீமை காப்பிக்கு என்று விட்டுவிட்டோம். மற்றது தூக்கில் வருகிறது.

பாக்கெட்டே வாங்குகிறவர்கள் ஒன்று மட்டும் செய்யுங்கள். கவரின் மூலையைக் கத்தரிக்கும்போது அந்தத் துணுக்கு தனியே விழாதபடி, ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்குமாறு வெட்டுங்கள். கவரை எடுத்துக்கொள்ள ஆள் இருக்கிறார். அந்த முக்கோணத் துணுக்கை எடுத்துக்கொள்ள உலகத்தில் யாரும் இல்லை. வெட்டிய கவரைக் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி, அந்தத் தண்ணீரைத் துளசிக்கு ஊற்றிவிட்டு, கவரைக் கொடியில் போடுங்கள். பால் வாடையோடு எச்சில் குப்பையில் போட்டால் அதே கவர் இரண்டாவது குவியலிலிருந்து மூன்றாவதற்குப் போய்விடும். ஈரக்குப்பை வேறு, உலர்குப்பை வேறு என்று 2016-ம் வருஷ விதிகளிலேயே சொல்லியாயிற்று. பிரித்துக் கொடுத்தால் மறுநாள் அதைக் கையால் கிளறுகிற மனுஷனுக்கு அது சரக்கு. சேர்த்துக் கொடுத்தால் வெறும் நாற்றம். மிஞ்சின சாதத்தைப் பன்னியில் முடிந்து தெருவில் வைக்கிற வழக்கம் அதைவிட மோசம். பசு முடிச்சை அவிழ்த்தா தின்னும்?

இப்போது கொஞ்சம் சங்கடமான விஷயத்துக்கு வருகிறேன். ஆண்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

நான் இதுவரை சொன்னதில் கவரை அலம்புவது, பை தைப்பது, தட்டை பண்ணுவது, பொடி அரைப்பது, பூத்துக்குப் போவது என்று எத்தனை வேலை சேர்ந்திருக்கிறது பாருங்கள். இதெல்லாம் யார் தலையில் விழும்? பிளாஸ்டிக் குடம் முதன்முதலாக வந்தபோது நம் அம்மாக்கள் அதை எத்தனை சந்தோஷமாக வாங்கினார்கள்! பித்தளைக் குடத்தை இடுப்பில் வைத்துத் தண்ணீர் தூக்கியவர்களுக்குத்தான் அந்த லேசின் அருமை தெரியும். காலி குடமே கனக்கும். பிறகு வாரம் தவறாமல் அதைப் புளி போட்டுத் தேய்க்க வேண்டும். என் அம்மாவின் இடுப்பில் அந்தக் குடம் வைத்த இடம் கடைசிவரை காய்த்திருந்தது. பிளாஸ்டிக்கை அவர்கள் நாகரிகத்துக்காக ஏற்றுக்கொள்ளவில்லை, உடம்பு வலிக்காக ஏற்றுக்கொண்டார்கள். இன்றைக்கு நாம் பூமியைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லி அந்த பாரத்தை மறுபடி வேலைக்குப் போகும் பெண்களின் இடுப்பில் ஏற்றினால் அது நியாயமும் இல்லை, நிலைக்கவும் நிலைக்காது. இரண்டு மாதத்தில் அலுத்துப்போய் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

ஆகையால் எங்கள் அகத்தில் வேலையைப் பிரித்துக்கொண்டோம். பால் தூக்கு என் அகத்துக்காரருடையது. டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார், போகிற வழியில் பூத். காய்கறிப் பையும் கபாடிக் கணக்கும் பிள்ளையுடையது. ஆபீஸிலிருந்து வரும் வழியில் ஹோட்டலில் வாங்குவதாயிருந்தால் காரில் ஒரு அடுக்கு இருக்கிறது. கொதிக்கும் சாம்பாரைப் பன்னியில் ஊற்றி முடிச்சுப் போட்டு வாங்கி வருவது அதோடு நின்றது. முதல் நாள் ஹோட்டல்காரர் சிரித்தாராம். இப்போது அடுக்கைப் பார்த்ததும் ஒரு கரண்டி கூடவே ஊற்றுகிறாராம். கைக்குழந்தைக்கு டயப்பர் விஷயத்தில் மட்டும் நான் வாய் திறக்கவில்லை. ராத்திரி எழுந்திருக்கிறவள் அவள். பகலில் துணி, இரவில் டயப்பர் என்று என் மாட்டுப்பெண்ணே வகுத்துக்கொண்டாள். அந்த டயப்பரை நியூஸ்பேப்பரில் சுற்றித் தனியே கொடுக்கிறோம், குப்பை எடுப்பவர் கையில் படாமல் இருக்க. மாமனார் மாமியார் படுக்கையில் இருக்கும் அகங்களிலும் இதேதான். அங்கே போய் யாரும் உபதேசம் பண்ண வேண்டாம். மருந்துப் பட்டை, சிரிஞ்சு, டயப்பர் போன்றவை உள்ளே வர வேண்டியவை.

அடுத்தது பூஜை. தினம் சுவாமிக்குச் சாத்திய பூவைக் களையும்போது அதைக் காலில் படும் இடத்தில் போடக் கூடாது என்பது நமக்கு வழிவழியாக வந்தது. அதனால் ஒரு பையில் சேர்த்து, முடிச்சுப் போட்டு, பாலத்தில் காரை நிறுத்தி யமுனைக்குள் எறிவது டில்லியில் வழக்கமாகிவிட்டது. பாலங்களில் உயரமாகக் கம்பிவலை அடித்தும்கூட, வலைக்கு மேலே தூக்கி எறிகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பூ மக்கிவிடும். பை மக்காது. 2015 ஜனவரியில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் யமுனையில் பூஜைப் பொருள் உள்படக் குப்பை எறிந்தால் 5000 ரூபாய் அபராதம் என்று உத்தரவு போட்டது. அபராதத்தை விடுங்கள். நிர்மால்யத்தைப் பிளாஸ்டிக்கில் கட்டி நதியில் எறிவது எந்த ஆசாரத்தில் சேரும்? பால்கனியில் ஒரு மண்தொட்டி, அடியில் ஓட்டை, கொஞ்சம் மண், கொஞ்சம் காய்ந்த இலை. தினம் களைந்த பூவையும் துளசியையும் அதில் போட்டு மண் தூவுங்கள். ஜரிகை, தெர்மோகோல் மணி, நைலான் நூல் இருந்தால் முன்னமே எடுத்துவிடுங்கள். சில மாதத்தில் கறுப்பு மண்ணாகிவிடும். யார் காலும் படாது. அந்த மண்ணில் வைத்த நந்தியாவட்டை எங்கள் பால்கனியில் நன்றாகப் பூக்கிறது, மறுபடி சுவாமிக்கே போகிறது.

இப்போது நம் சங்கத்துக்கு வருகிறேன். நான் இங்கே வந்து பேச ஒப்புக்கொண்டதே இதற்காகத்தான்.

ஓர் அகத்தில் வருஷம் முழுக்க மிச்சம் பிடிப்பதை நாம் ஒரே ஒரு விசேஷத்தில் தொலைத்துவிடுகிறோம். இருநூறு பேர் வரும் நிகழ்ச்சி என்று கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு இரண்டு சின்னத் தண்ணீர் பாட்டில் என்றால் நானூறு பாட்டில். பாதி குடித்த பாட்டில் நாற்காலிக்கு அடியில் உருளும். போதாததற்குக் காப்பிக்கு ஒரு காகித டம்ளர், பாயசத்துக்கு ஒரு கப், போகும்போது ஒரு தாம்பூலப் பை. 2022 ஜூலை 1-ஆம் தேதியிலிருந்து பிளாஸ்டிக் தட்டு, கப், ஸ்பூன், ஸ்ட்ரா, அலங்காரத் தெர்மோகோல் எல்லாம் நாடு முழுவதும் தடை. ஸ்வீட் டப்பாவின் மேல் சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் தாள்கூடத் தடைப்பட்டியலில் உண்டு. பாட்டில் அந்தப் பட்டியலில் இல்லை. நான்-வோவன் பை போதிய கனமிருந்தால் தடையில்லை. சட்டம் விட்டுவிட்டதற்காக நாமும் விட வேண்டும் என்று இல்லையே.

தாம்பூலப் பையில் பெண் பிள்ளை பெயரும் கல்யாண தேதியும் அச்சடித்துக் கொடுக்கிறார்கள். அதை எடுத்துக்கொண்டு யார் மண்டிக்குப் போவார்கள்? அழைத்தவர்கள் அகத்துப் பெயர் போட்ட பையில் கத்தரிக்காய் வாங்கச் சங்கோஜமாக இருக்கிறது. பெயர் இல்லாத, வெறும் காடாத் துணிப்பை, இரண்டு கிலோ தாங்குகிற அளவில் கொடுத்தால் அது நாலு வருஷம் உழைக்கும். நவராத்திரி வெற்றிலைபாக்கில் வைக்கும் பிளாஸ்டிக் டப்பா விஷயம் உங்களுக்கே தெரியும். நான் ஒரு ரோஸ் கலர் டப்பா கொடுத்தேன். மூடியில் ஒரு கீறல் இருந்தது. மூன்று நவராத்திரி கழித்து அது எனக்கே வந்து சேர்ந்தது, அதே கீறலோடு. எத்தனை அகம் சுற்றியதோ! வாங்கின யாருக்கும் அது வேண்டியிருக்கவில்லை என்பதுதானே இதற்கு அர்த்தம்? வெற்றிலை, பாக்கு, மஞ்சள், தேங்காய், இரண்டு பழம், ஒரு பிடி சுண்டல். இதற்கு மேல் எந்தப் பெண் குறைப்பட்டுக்கொள்ளப் போகிறாள்?

சமையல் கான்ட்ராக்டரிடம் முன்பணம் கொடுக்கும்போதே இரண்டு நிபந்தனை சொல்லிவிடுங்கள். இட்லித் தட்டில் துணிதான் போட வேண்டும், பிளாஸ்டிக் ஷீட் கூடாது. ஆவியில் வேகும் இட்லிக்கு அடியில் பாலிதீன் தாள் போடும் வழக்கம் பரவியதால்தான் 2025 பிப்ரவரியில் கர்நாடக அரசு அதைத் தடை செய்ய வேண்டிவந்தது. இரண்டாவது, பேப்பர் இலை வேண்டாம். வாழை இலை டில்லியில் விலை அதிகம், குளிர்காலத்தில் கிழிசலாக வருகிறது, ஒப்புக்கொள்கிறேன். அதற்கு இங்கேயே வழி இருக்கிறது. சால் இலையைக் குச்சியால் தைத்த பத்தலும் தோனாவும் கடைகளில் கிடைக்கின்றன. ஒரிசாவிலும் ஜார்க்கண்டிலும் காட்டோரத்துப் பெண்கள் தைப்பது. நம் ஊர்த் தையல் இலைதான் அது, மந்தாரைக்குப் பதில் சால். வாங்கும்போது திருப்பிப் பாருங்கள், சிலதில் அடியில் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருப்பார்கள். அது இல்லாததாகக் கேட்டு வாங்க வேண்டும்.

என் பிரஸ்தாபம் இதுதான். சங்கம் முந்நூறு எவர்சில்வர் டம்ளரும், குழாய் வைத்த எவர்சில்வர் டிரம் நாலும் வாங்கி வைக்கட்டும். சங்க நிகழ்ச்சிகளுக்கு அவற்றை உபயோகிப்போம். அங்கத்தினர்கள் அகத்து விசேஷங்களுக்கு வாடகை இல்லாமல் எடுத்துப் போகலாம், எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்க வேண்டும். செலவைப் பொருளாளர் பார்த்துச் சொல்லட்டும். பாட்டிலுக்கும் காகித டம்ளருக்கும் இப்போது ஆகிற தொகையையும் பக்கத்தில் எழுதிச் சொல்லட்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதமாக இருப்பேன். முந்நூறு டம்ளரை யார் அலம்புவது என்ற கேள்வி வரும். மாதர் பிரிவு பார்த்துக்கொள்ளும் என்று தீர்மானத்தில் ஒரு வரி எழுதிவிடாதீர்கள். அப்படி எழுதினால் மூன்றாவது நிகழ்ச்சியில் பாட்டில் திரும்ப வந்துவிடும். அலம்புவதற்கு இரண்டு பேரைக் கூலிக்கு அமர்த்துங்கள், பாட்டிலில் மிச்சமாகும் பணத்திலிருந்து நல்ல கூலியாகக் கொடுங்கள். தண்ணீர் டிரம்மை நிரப்புவதும் டம்ளரை எண்ணுவதும் செயற்குழு ஆண் அங்கத்தினர்கள் பொறுப்பு. நவராத்திரிக்கு இன்னும் நாள் இருக்கிறது. இந்தக் கூட்டம் முடிவதற்குள் சாதகமாகவோ பாதகமாகவோ ஒரு முடிவு எடுத்துச் சொன்னால், டம்ளர் விலை விசாரிக்க நாளைக்கே நான் சதர் பஜார் போகத் தயார். கூட வர யாராவது ஒருவர் பெயர் கொடுங்கள், முந்நூறு டம்ளரை நான் ஒருத்தி தூக்க முடியாது.